ஜாவாவில் கிளாஸ் வளையம்: வெட்டுவதா, தள்ளிப்போடுவதா, முந்திக்கொள்வதா?

ஜாவா செயலி ஒன்று இயங்கத் தொடங்குகிறது. பதிவுக் கோப்பில் சில வரிகள் விழுகின்றன. பிறகு அசைவே இல்லை. சிபியு சும்மா கிடக்கிறது, நினைவகம் நிறையவில்லை, தரவுத்தளம் பதில் சொல்கிறது. நிறுத்திவிட்டு மறுபடி இயக்கினால் எதுவும் நடக்காததுபோல் ஓடுகிறது. இன்னோரிடத்தில் இதே நோய் வேறு முகத்தோடு வருகிறது: ஃபைனல் என்று அறிவித்து, அதே வரியில் மதிப்பும் கொடுத்த ஒரு ஃபீல்டு வெறுமையாக இருக்கிறது. அந்த வரியை எத்தனை முறை படித்தாலும் பிழை தெரிவதில்லை.

இரண்டு கிளாஸ்கள் தங்கள் துவக்கத்துக்கு ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கும் வளையம் இரண்டு முகங்களுக்கும் பின்னால் இருக்கலாம். இதைத் தீர்க்க வழிகள் பல உண்டு. பொதுவான பகுதியைப் பிரித்து மூன்றாவது கிளாஸாக்கலாம். துவக்கத்தை முதல் பயன்பாடு வரை தள்ளிப்போடலாம். செயலி தொடங்கியவுடன் ஒரே திரெட்டில் (செயலிக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைச் சரத்தில்) வரிசையாகத் துவக்கிவிடலாம். ஸ்டாட்டிக் நிலையையே, அதாவது பொருளோடு அல்லாமல் கிளாஸோடு ஒட்டியிருக்கும் தரவையே, ஒழித்துவிட்டு ஸ்பிரிங் போன்ற சட்டகத்திடம் பொறுப்பைக் கொடுக்கலாம். எது அழகான வடிவமைப்பு என்ற கோணத்தில்தான் குழுக்களில் இந்த விவாதம் வழக்கமாக நடக்கிறது. அந்தக் கோணம் போதாது. வளையத்தின் இரு முனைகளும் யார் கையில் இருக்கின்றன என்பதை முதலில் பார்த்தால், பாதி வழிகள் தாமாகவே விலகிவிடும்.

அதற்கு முன் நோயைச் சரியாக அடையாளம் காண வேண்டும்.

எது வளையம், எது வளையம் அல்ல

ஒரு கிளாஸ் இன்னொன்றை இம்போர்ட் செய்வதும், அது திரும்ப இதை இம்போர்ட் செய்வதும் ஜாவாவை இயக்கும் ஜேவிஎம்முக்குப் பொருட்டே அல்ல. ஏற்றுதல், இணைத்தல், துவக்குதல் என்று ஒரு கிளாஸ் மூன்று கட்டங்களைக் கடக்கிறது. ஸ்டாட்டிக் ஃபீல்டுகளுக்கு மதிப்பு ஏறுவதும், ஸ்டாட்டிக் பிளாக் ஓடுவதும் மூன்றாவது கட்டத்தில். ஒரு பொருளை உருவாக்கும்போதோ, ஸ்டாட்டிக் மெத்தடை அழைக்கும்போதோ, ஸ்டாட்டிக் ஃபீல்டைத் தொடும்போதோ பொதுவாக அந்தக் கட்டம் தொடங்கும். கம்பைலருக்கே மதிப்பு தெரிந்த எண், சரம் போன்ற மாறிலிகளைத் தொட்டால் துவக்கம் நடக்காது. அவை பயன்படுத்தும் கிளாஸுக்குள்ளேயே பதிந்துவிடுகின்றன.

ஏற்றும் கட்டத்திலேயே வரும் வளையத்துக்குக் கிளாஸ் சர்க்குலாரிட்டி எரர் என்று தனிப் பெயர் உண்டு. ஒரு கிளாஸ் தனக்குத்தானே மேல்கிளாஸாக அமைந்துவிடும்போது வருவது இது. கம்பைலர் இதை அனுமதிக்காது என்பதால், தனித்தனியாகக் கம்பைல் செய்த பழைய ஜார் கோப்பும் (கிளாஸ்களின் தொகுப்பு) புதிய ஜார் கோப்பும் கலக்கும்போதுதான் பொதுவாகத் தலைகாட்டும். தீர்வும் எளிது: கிளாஸ்களைத் தேடும் இடமான கிளாஸ்பாத்தைச் சுத்தம் செய்து எல்லாவற்றையும் ஒருசேரக் கம்பைல் செய்யுங்கள். ஏறும் கிளாஸ்களை மாற்றியமைக்கும் ஜாவா ஏஜென்ட் பயன்படுத்துபவர்களுக்கு மட்டும் இது வேறு வழியாகவும் வரும். கிளாஸை மாற்றியமைக்கும் டிரான்ஸ்ஃபார்மர், தன் வேலைக்கு ஓர் உதவிக் கிளாஸைத் தொடும். அந்த உதவிக் கிளாஸை ஏற்றும்போது மறுபடியும் அதே டிரான்ஸ்ஃபார்மர் கூப்பிடப்படும். உதவிக் கிளாஸ்களை முன்கூட்டியே ஏற்றிவிட்டு டிரான்ஸ்ஃபார்மரைப் பதிவு செய்வதும், ஏஜென்ட் தன் பேக்கேஜைத் தானே தவிர்த்துவிடுவதும் இதற்குப் போதும். இந்த வகையில் தேர்வு செய்ய அதிகம் இல்லை.

உண்மையான தலைவலி துவக்கக் கட்டத்தின் வளையம்தான். ஜாவா மொழி விவரக்குறிப்பில் இதற்கான விதி தெளிவாக இருக்கிறது. ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு துவக்கப் பூட்டு உண்டு. ஒரு திரெட் துவக்க வரும்போது, இன்னொரு திரெட் ஏற்கெனவே துவக்கிக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்திருக்க வேண்டும். துவக்கிக்கொண்டிருப்பது அதே திரெட்தான் என்றால், காத்திருக்காமல் உடனே திரும்பிப் போய்விடலாம். இரண்டு நோய்களும் இந்த இரண்டு வாக்கியங்களிலிருந்தே பிறக்கின்றன.

இரண்டாவது வாக்கியத்திலிருந்து தொடங்குவோம். நாணயம் என்று ஒரு கிளாஸ். அதில் ரூபாய் என்ற ஸ்டாட்டிக் ஃபைனல் ஃபீல்டு. அதன் மதிப்பை நாணயப்பதிவேடு என்ற இன்னொரு கிளாஸின் மெத்தட் தருகிறது. நாணயப்பதிவேட்டில் முதலில் ஒரு மேப் நிரப்பப்படுகிறது. அதற்கு அடுத்த வரியில், அடிப்படை என்ற ஸ்டாட்டிக் ஃபைனல் ஃபீல்டுக்கு நாணயத்தின் ரூபாய் ஒதுக்கப்படுகிறது. செயலி முதலில் நாணயப்பதிவேட்டைத் தொட்டால் எல்லாம் சரி: மேப் நிரம்புகிறது, நாணயம் துவங்குகிறது, அது பதிவேட்டின் மெத்தடை அழைத்து ரூபாயைப் பெறுகிறது, அடிப்படையும் நிரம்புகிறது. ஆனால் நாணயத்தை முதலில் தொட்டால் நாணயம் துவங்கும், பதிவேடு துவங்கும், மேப் நிரம்பும், அடுத்த வரி நாணயத்தின் ரூபாயைக் கேட்கும். நாணயம் இதே திரெட்டில் பாதி துவங்கிய நிலையில் இருக்கிறது. எனவே ஜேவிஎம் தடுக்காது. ரூபாய்க்கு இன்னும் மதிப்பு ஏறவில்லை. அடிப்படையில் வெறுமை பதிகிறது. அது ஃபைனல் என்பதால் செயலி நிற்கும்வரை மாறாது. பதிவுக் கோப்பில் ஒரு வரிகூட விழாது.

இது ஏன் சோதனையில் பிடிபடாமல் உற்பத்திச் சூழலில் மட்டும் வெடிக்கிறது என்பதும் இங்கேயே விளங்கிவிடுகிறது. யூனிட் டெஸ்ட் பதிவேட்டை முதலில் தொட்டிருக்கும். உண்மையான செயலி நாணயத்தை முதலில் தொடுகிறது. டெஸ்ட்களின் வரிசை மாறினாலே முடிவும் மாறும்.

அந்த வெறுமையை ஸ்டாட்டிக் பிளாக்குக்குள்ளேயே யாராவது பயன்படுத்தினால் எக்ஸெப்ஷன் இன் இனிஷியலைசர் எரர் வரும். அதற்குப் பிறகு அந்தக் கிளாஸைத் தொடும் ஒவ்வொருவருக்கும், கிளாஸைத் துவக்க முடியவில்லை என்ற குறிப்போடு நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர்தான் கிடைக்கும். இந்தப் பெயரைப் பார்த்தவுடன் ஜார் கோப்பு விடுபட்டுவிட்டது என்று நினைத்து மேவன் சார்புகளைக் கிளறுவோர் ஏராளம். ஜார் அங்கேயேதான் இருக்கிறது. பதிவுக் கோப்பில் மேலே போய், அந்தக் கிளாஸின் பெயரோடு வந்த முதல் பிழையைத் தேடுங்கள். பழைய ஜேடிகே பதிப்புகளில் காரணம் அங்கே ஒரே ஒரு முறைதான் எழுதப்பட்டிருக்கும்.

இரண்டு திரெட்கள் வரும்போது

முதல் வாக்கியம் கொண்டுவருவது டெட்லாக். அ என்ற கிளாஸைத் துவக்கிக்கொண்டே ஒரு திரெட் ஆ-வைக் கேட்கிறது. ஆ-வைத் துவக்கிக்கொண்டே இன்னொரு திரெட் அ-வைக் கேட்கிறது. இருவரும் காலத்துக்கும் காத்திருப்பார்கள்.

இதற்கு ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது: ஜேடிகே (ஜாவா உருவாக்கக் கருவித்தொகுப்பு) 8-இன் டிரைவர் மேனேஜர். தரவுத்தள இணைப்புகளைக் கொடுக்கும் இந்தக் கிளாஸின் ஸ்டாட்டிக் பிளாக், கிளாஸ்பாத்தில் உள்ள, தரவுத்தளத்தோடு பேசும் எல்லா ஜேடிபிசி டிரைவர்களையும் சர்வீஸ் லோடர் மூலம் தேடி உருவாக்கும். 2006-இல் ஜாவா 6-உடன் வந்த ஜேடிபிசி 4.0 தந்த வசதி அது. மறுபக்கம், ஒவ்வொரு டிரைவர் கிளாஸின் ஸ்டாட்டிக் பிளாக்கும் டிரைவர் மேனேஜரை அழைத்துத் தன்னைப் பதிவு செய்துகொள்ளும். அதைவிடப் பழைய வழக்கம் அது. இரண்டுமே தனித்தனியாகப் பார்த்தால் நியாயமானவை. சேர்ந்தால் வளையம்.

ஒரு திரெட், பழைய பழக்கத்தில், டிரைவரின் பெயரைக் கொடுத்து கிளாஸ் ஃபார்நேம் அழைக்கிறது. டிரைவரின் துவக்கம் தொடங்கிவிட்டது. பதிவு செய்ய டிரைவர் மேனேஜர் வேண்டும். அதே கணத்தில் இன்னொரு திரெட் நேராக டிரைவர் மேனேஜரிடம் இணைப்பு கேட்கிறது. அதன் துவக்கம் தொடங்கிவிட்டது. சர்வீஸ் லோடர் அதே டிரைவரை உருவாக்கப் பார்க்கிறது. டிரைவரோ முதல் திரெட்டின் கையில் பாதியில் நிற்கிறது. ஒரே ஒரு டிரைவர் இருந்தாலே இது நடந்துவிடும்.

இப்போது, ஒவ்வொரு திரெட்டும் எங்கே நிற்கிறது என்று காட்டும் திரெட் டம்ப் எடுத்துப் பாருங்கள். ஜேஸ்டாக், ஜேசிஎம்டி இரண்டில் எதுவும் ஆகும். பலரை ஏமாற்றும் இடம் இது. சாதாரண டெட்லாக் என்றால் டம்ப்பின் இறுதியில், ஜாவா அளவில் டெட்லாக் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது என்று கருவியே சொல்லிவிடும். இங்கே சொல்லாது; துவக்கத்துக்கான காத்திருப்பு அந்தக் கருவி ஆராயும் மானிட்டர்களில் அடங்காது. அதைவிடக் குழப்பம், அந்தத் திரெட்களின் நிலை ‘ரன்னபிள்’ என்று காட்டப்படும். ஓடிக்கொண்டிருக்கிறது என்று எண்ணிக் கண் அடுத்த திரெட்டுக்குப் போய்விடும். தலைப்பு வரியில் ஆப்ஜெக்ட் வெயிட்டில் இருப்பதாகவும், நிலை வரியில் ரன்னபிள் என்றும் ஒரே திரெட்டில் முரண்பட்டு வந்தால் அங்கே நில்லுங்கள். அடுக்கில் கோண அடைப்புக்குறிக்குள் கிளினிட் என்று வரும் வரியைத் தேடுங்கள். ஸ்டாட்டிக் துவக்கத்துக்கு ஜேவிஎம் வைத்திருக்கும் உள்பெயர் அது. மேலே சொன்ன நிகழ்வில் ஒரு திரெட்டின் உச்சியில் டிரைவரின் கிளினிட் இருக்கும். மற்றதன் அடுக்கில் சர்வீஸ் லோடரும் அதற்குக் கீழே டிரைவர் மேனேஜரின் கிளினிட்டும் இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்தால் வளையம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். புதிய ஜேடிகே பதிப்புகளில் எந்தக் கிளாஸின் துவக்கத்துக்காகத் திரெட் காத்திருக்கிறது என்று டம்ப்பே ஒரு வரியில் சொல்கிறது. பெரிய உதவி அது.

மறுபடி வரவழைக்க முடியாத வளையங்களுக்கு ஜேவிஎம்மின் எக்ஸ்லாக் தெரிவு இருக்கிறது. ஜேடிகே 9 முதல், அதில் கிளாஸ், இனிட் என்ற இரண்டு அடையாளங்களைச் சேர்த்துக் கொடுத்தால் எந்தக் கிளாஸ் எந்த வரிசையில் துவங்குகிறது என்று வரிவரியாக அச்சாகும். ஒழுங்காக ஓடிய ஓட்டத்தின் வரிசையையும் கெட்ட ஓட்டத்தின் வரிசையையும் ஒப்பிட்டால், எந்த இடத்தில் முந்திப் பிந்திப் போனது என்று தெரியும்.

முதல் வழி: வெட்டிவிடுவது

இரண்டு கிளாஸ்களும் உங்கள் களஞ்சியத்திலேயே இருக்கின்றன என்றால், என் தேர்வு எப்போதும் இதுதான். இரண்டுக்கும் பொதுவான பகுதியை மூன்றாவது கிளாஸுக்கு நகர்த்துங்கள். அந்த மூன்றாவதுக்கும் மற்ற இரண்டுக்கும் இடையே சார்பு ஒரே திசையில் மட்டும் இருக்க வேண்டும். நாணய உதாரணத்தில், அடிப்படை என்ற ஃபீல்டை ‘நாணய இயல்புகள்’ என்ற கிளாஸுக்குக் கொண்டுபோனால் பதிவேடு நாணயத்தைத் தொட வேண்டிய தேவை தீர்ந்தது. சார்பு ஒரே திசையில் ஓடும். எந்த வரிசையில் தொட்டாலும், எத்தனை திரெட் வந்தாலும் விடை ஒன்றே.

மேல்கிளாஸ் தன் ஸ்டாட்டிக் ஃபீல்டில் கீழ்கிளாஸின் பொருளை வைத்திருக்கும் பழக்கத்துக்கும் இதுவே மருந்து. ‘விதி’ என்ற அப்ஸ்டிராக்ட் கிளாஸில் இயல்பான விதி என்று ஒரு ஃபீல்டு, அதில் ‘எளிய விதி’ என்ற கீழ்கிளாஸின் பொருள்: படிப்பவருக்கு வசதியாகத் தெரியும் இந்த அமைப்பு, டெட்லாக்குக்கு விரித்த வலை. கீழ்கிளாஸ் துவங்குமுன் மேல்கிளாஸ் துவங்கியாக வேண்டும் என்பது ஜேவிஎம் விதி. மேல்கிளாஸோ கீழ்கிளாஸைக் கேட்கிறது. ஒரு திரெட் மேலிருந்தும் இன்னொன்று கீழிருந்தும் வந்தால் போதும். இயல்பான பொருளைத் தரும் வேலையை ‘விதிகள்’ என்ற தனிக் கிளாஸுக்குக் கொடுத்துவிட்டால் வலை அறுந்துவிடும்.

இந்த வழிக்கு ஒரு விலை உண்டு. அந்த ஃபீல்டு பப்ளிக் ஆக இருந்து, உங்கள் நூலகத்தைப் பிறர் பயன்படுத்துகிறார்கள் என்றால் அதை நகர்த்த முடியாது. நகர்த்தினால் அவர்களுடைய பழைய கிளாஸ் கோப்புகள் ஓடும்போதே உடையும். பழைய ஃபீல்டைப் பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டு டிப்ரிகேட் செய்வதால் வளையம் போகாது. அது அங்கே இருக்கும்வரை துவக்கமும் அங்கேதான் நடக்கும். அடுத்த பெரிய பதிப்புவரை பொறுத்திருக்க வேண்டும், அல்லது அடுத்த வழிக்குப் போக வேண்டும்.

இரண்டாம் வழி: தள்ளிப்போடுவது

ஸ்டாட்டிக் பிளாக்கில் நடந்த வேலையை முதல் பயன்பாடு வரை ஒத்திவைப்பது. உள்ளே ஒரு சிறு ஸ்டாட்டிக் கிளாஸை வைத்து, மதிப்பை அதன் ஃபீல்டில் வைத்து, வெளியே ஒரு மெத்தட் மூலம் கொடுக்கும் ஹோல்டர் முறை இதில் பிரபலமானது. பூட்டு எழுத வேண்டியதில்லை. கிளாஸ் துவக்கம் ஒரே முறைதான் நடக்கும் என்ற ஜேவிஎம் உறுதியே பாதுகாப்பு. ஜேடிகே 25-இல் முன்னோட்டமாக வந்த ஸ்டேபிள் வேல்யூ என்ற வசதியும் இதே தேவைக்குத்தான். முன்னோட்ட அம்சம் என்பதால் உற்பத்திக் குறியீட்டில் இப்போதே நம்பி இறங்கச் சொல்ல மாட்டேன்.

டிரைவர் மேனேஜர் சிக்கலை ஜேடிகே குழு தீர்த்தது இந்த வழியில்தான். 2017-இல் வந்த ஜேடிகே 9-இல் அந்த ஸ்டாட்டிக் பிளாக் இல்லை. டிரைவர்களைத் தேடும் வேலை தனி மெத்தடுக்குப் போய்விட்டது. இணைப்பு கேட்கும்போதோ டிரைவர் பட்டியலைக் கேட்கும்போதோ மட்டும் அது அழைக்கப்படுகிறது. டிரைவர் தன்னைப் பதிவு செய்யும் மெத்தட் அதை அழைப்பதில்லை. ஆகவே டிரைவரின் ஸ்டாட்டிக் பிளாக் டிரைவர் மேனேஜரைத் தொட்டாலும், அங்கே காத்திருக்க ஒன்றுமில்லை.

அவர்கள் ஏன் வெட்டவில்லை? வெட்ட முடியாது. வளையத்தின் ஒரு முனை மட்டுமே அவர்கள் கையில் இருந்தது. மறுமுனை, உலகெங்கும் தரவுத்தள நிறுவனங்கள் எழுதிய டிரைவர்களில் இருந்தது. அத்தனை டிரைவர்களையும் மாற்றச் சொல்ல முடியாது. தம் கையில் இருந்த முனையை மட்டும் தளர்த்தி வளையத்தைத் திறந்தார்கள். ஒரு முனைதான் உங்களுடையது என்றால் தள்ளிப்போடுவதைவிடச் சிறந்த வழி இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இந்த மாற்றமே காரணம்.

இரண்டு முனையும் உங்களுடையதாக இருக்கும்போது இதைத் தேர்ந்தெடுத்தால்? வேலை நடக்கும். ஆனால் சில விளைவுகளை ஏற்றுக்கொள்ள வேண்டும். அமைப்புக் கோப்பில் பிழை இருந்தால் செயலி தொடங்கும்போது தெரியாது. முதல் வாடிக்கையாளரின் கோரிக்கையில் தெரியும். ஹோல்டருக்குள் நடக்கும் துவக்கம் ஒருமுறை தோற்றுவிட்டால் அந்தக் கிளாஸ் செயலி நிற்கும்வரை பயன்படாது. பிணையம் ஒரு நொடி தடுமாறியதால் தோற்றாலும் அதே கதிதான். மீண்டும் முயலக்கூடிய வேலை என்றால் ஹோல்டர் வேண்டாம். மதிப்பை வைத்துக்கொள்ளும் சாதாரணப் பொருளும் ஒரு பூட்டும் போதும். மிக முக்கியமானது, ஹோல்டருக்குள் ஓடும் குறியீடு சுற்றி வந்து அதே ஹோல்டரைத் தொட்டால் வளையம் இடம் மாறியிருக்கிறதே தவிரப் போகவில்லை. மாற்றம் செய்தபின் துவக்க வரிசையை மறுபடி அச்சிட்டுப் பாருங்கள்.

மூன்றாம் வழி: முந்திக்கொள்வது

மெயின் மெத்தடின் முதல் வரிகளிலேயே, வேறு திரெட் எதுவும் பிறக்குமுன், சிக்கலான கிளாஸ்களைச் சரியான வரிசையில் துவக்கிவிடுவது. ஒரு வாதம் மட்டும் எடுக்கும் கிளாஸ் ஃபார்நேம் துவக்கமும் செய்யும். ஜாவா 15-இல் மெத்தட் ஹேண்டில்ஸ் லுக்கப்பில் இதற்கென்றே ஒரு மெத்தட் வந்தது. கிளாஸ் லிட்டரலை எழுதி வைத்தால் துவக்கம் நடக்கும் என்று நம்புவோர் இருக்கிறார்கள். நடக்காது.

இரண்டு முனைகளுமே பிறருடையவை என்றால் உங்களுக்கு இருப்பது இது ஒன்றுதான். இரண்டு மூன்றாம் தரப்பு நூலகங்கள் மோதுகின்றன, அவற்றின் மூலக் குறியீட்டைத் தொட முடியாது, புதிய பதிப்பும் வரவில்லை: வரிசையை நீங்கள் கையில் எடுக்க வேண்டியதுதான். ஜேடிகே 8-இலேயே இருக்க வேண்டிய கட்டாயத்தில் உள்ளவர்கள், செயலியின் தொடக்கத்தில் டிரைவர் மேனேஜரிடம் டிரைவர் பட்டியலை ஒருமுறை கேட்டுவிட்டால் போதும். வளையம் ஒரே திரெட்டில் சுற்றி முடிந்துவிடும். டாம்கேட் வலைச் சர்வரில் நினைவகக் கசிவைத் தடுப்பதற்காக வைத்திருக்கும் ஒரு லிசனர், சர்வர் எழும்போதே டிரைவர் மேனேஜரைத் துவக்கிவிடுகிறது. அதன் நோக்கம் வேறு. பலன் இங்கும் கிடைக்கிறது.

இந்த வழியின் பலவீனத்தை மறைக்க விரும்பவில்லை. சரியான வரிசை என்பது குறியீட்டில் எங்கும் எழுதப்படாத அறிவு. அடுத்த ஆண்டு சேரும் ஒருவர், பயனற்றதுபோல் தெரியும் அந்த வரிகளை நீக்கிவிடுவார். டெஸ்ட்கள் மெயின் வழியாகப் போவதில்லை, எனவே அங்கே பாதுகாப்பு இல்லை. ஒரே சர்வரில் பல வலைச் செயலிகள் இருந்தால், ஒவ்வொன்றின் கிளாஸ்லோடரும் (கிளாஸ்களை ஏற்றும் பகுதி) தனக்கெனத் தனிக் கிளாஸை வைத்திருக்கும். ஒன்றில் துவக்கியது மற்றதற்கு உதவாது. ஏன் இந்த வரிசை, எது சரியானால் நீக்கலாம் என்று அங்கேயே இரண்டு வரி எழுதி வைப்பது கட்டாயம்.

நான்காம் வழி: ஸ்டாட்டிக்கை ஒழிப்பது

பொருள்களை உருவாக்கி கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கொடுத்தால் கிளாஸ் துவக்கத்தில் வேலையே இருக்காது. வளையம் இருந்தால் மறைந்து நிற்கவும் முடியாது. அ-வை உருவாக்க ஆ வேண்டும், ஆ-வை உருவாக்க அ வேண்டும் என்றால் அதை எழுதவே வழியில்லை. ஸ்பிரிங் பூட் 2021 நவம்பரில் வந்த 2.6 பதிப்பிலிருந்து பீன்களுக்கு (ஸ்பிரிங் உருவாக்கி நிர்வகிக்கும் பொருள்கள்) இடையேயான வளையத்தை இயல்பாகவே மறுக்கிறது. செயலி எழாமல் நின்று, எந்த பீன் எதைக் கேட்கிறது என்று வளையத்தை எழுத்தாலேயே வரைந்து காட்டுகிறது. உறைந்து நிற்கும் செயலியோடு போராடியவர்களுக்கு அந்தப் படத்தின் அருமை தெரியும்.

வளையத்தை மீண்டும் அனுமதிக்க ஒரு அமைப்பு வரி இருக்கிறது. பதிப்பு உயர்த்தும் நாளில் அதை இயக்கிக்கொள்வதில் தவறில்லை. நிலையாக விட்டுவைப்பதை நான் ஏற்கவில்லை. ஒரு பீனை முதல் பயன்பாடு வரை தள்ளிப்போடும் லேஸி குறிப்பு அதைவிட மேல், ஏனென்றால் எந்த இடத்தில் வளையம் என்பது குறியீட்டிலேயே தெரியும்.

ஆனால் நேற்றிரவு உறைந்த செயலிக்கு இன்று கொடுக்கக்கூடிய மருந்து இது அல்ல. ஸ்டாட்டிக் நிலையை நம்பி வளர்ந்த பழைய குறியீட்டை மாற்ற மாதங்கள் ஆகும். முதலில் வெட்டியோ தள்ளிப்போட்டோ நிலைமையைச் சரிசெய்யுங்கள். இதைத் திட்டமிட்ட வேலையாக வையுங்கள்.

கிளாஸ்லோடர்களே மோதும்போது

சொந்தமாக கிளாஸ்லோடர் எழுதுபவர்கள், செருகுநிரல் அமைப்பு வைத்திருப்பவர்கள், ஓஎஸ்ஜிஐ என்ற மாட்யூல் அமைப்பைப் பயன்படுத்துபவர்கள் மட்டும் இதைப் படித்தால் போதும். ஒரு லோடர் தன் கிளாஸின் மேல்கிளாஸை இன்னொரு லோடரிடம் கேட்கிறது. அந்த லோடர் தன் வேறொரு கிளாஸின் மேல்கிளாஸை இதனிடம் கேட்கிறது. ஜாவா 7-க்கு முன் ஒரு லோடர் ஏற்றத் தொடங்கினால் லோடர் முழுவதும் பூட்டப்படும் என்பதால், இரண்டு திரெட்கள் எதிரெதிராக வந்தால் டெட்லாக். 2011-இல் வந்த ஜாவா 7, இணையாக ஏற்றக்கூடியவன் என்று லோடர் தன்னைப் பதிவு செய்துகொள்ளும் வசதியைத் தந்தது. அப்படிப் பதிவு செய்தால் பூட்டு கிளாஸ் பெயர் அளவுக்குச் சுருங்கிவிடும்.

இங்கே இரண்டு தேர்வுகள்: லோடர்களை மரம்போல் மேலிருந்து கீழாக மட்டும் அமைப்பது, அல்லது வலைப்பின்னலை வைத்துக்கொண்டு இணையாக ஏற்றும் முறைக்கு மாறுவது. மரம் முடியும் என்றால் மரமே மேல். முடியாதபோது இரண்டாவதைக் கவனத்தோடு செய்யலாம்: லோட்கிளாஸ் மெத்தடை நீங்களே எழுதியிருந்தால் அதிலுள்ள சிங்க்ரனைஸ்டு சொல்லை எடுத்துவிட்டு, லோடர் தரும் பெயர்வாரிப் பூட்டைப் பிடித்து, ஏற்கெனவே ஏற்றப்பட்டதா என்று பார்த்தபின்பே கிளாஸை வரையறுக்க வேண்டும். பதிவு மட்டும் செய்து மற்றதை விட்டுவிட்டால், ஒரே கிளாஸ் இருமுறை வரையறுக்கப்பட்டதாக லிங்கேஜ் எரர் வரலாம்.

மீண்டும் வராமல் காக்க

கருவிகளில் எது எதைப் பிடிக்கும் என்று தெரிந்து பயன்படுத்த வேண்டும். ஜேடிகே 8 முதல் கிடைக்கும் ஜேடெப்ஸ் கருவி கிளாஸ் அளவிலான சார்புகளைக் காட்டும். ஆர்க்யூனிட் என்ற டெஸ்ட் நூலகத்தில் பேக்கேஜ்களுக்கு இடையே வளையம் கூடாது என்று ஒரே வரியில் டெஸ்ட் எழுதலாம். ஆனால் ஒரே பேக்கேஜுக்குள் இருக்கும் இரண்டு கிளாஸ்களின் துவக்க வளையம் அந்த டெஸ்ட்டின் கண்ணில் படாது. ஜேடிகே 9-இன் மாட்யூல்களும் மாட்யூல்களுக்கு இடையே உள்ள வளையத்தைத்தான் மறுக்கும். துவக்க வளையத்தையே குறிவைப்பவை, குறியீட்டை ஓட்டாமலே ஆராயும் ஸ்பாட்பக்ஸும் எரர் புரோனும். ஸ்பாட்பக்ஸ் இரு கிளாஸ்களின் ஸ்டாட்டிக் துவக்கங்கள் ஒன்றையொன்று தொடுவதை எச்சரிக்கும்; மேல்கிளாஸ் துவக்கத்தில் கீழ்கிளாஸைத் தொடும் பழக்கத்தை இரண்டுமே எச்சரிக்கும். ஒன்றை மட்டும் சேர்க்க நேரம் இருக்கிறது என்றால், ஸ்பாட்பக்ஸைத்தான் முதலில் பில்டில் சேர்ப்பேன்.

ஜேவிஎம்மே நிர்வகிக்கும் இலகுவான விர்ச்சுவல் திரெட்களுக்கு மாறுபவர்கள் இதை இன்னும் அக்கறையோடு பார்க்க வேண்டும். ஜேடிகே 24, சிங்க்ரனைஸ்டு பகுதியில் காத்திருக்கும் விர்ச்சுவல் திரெட் தன் அடியிலுள்ள உண்மையான திரெட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும் சிக்கலைத் தீர்த்தது. ஆனால் கிளாஸ் துவக்கத்துக்காகக் காத்திருப்பதை அந்த மாற்றம் தொடவில்லை. அந்தப் பதிப்பில் அங்கே உண்மையான திரெட் பிடிபட்டே இருக்கும். ஸ்டாட்டிக் பிளாக்கில் பிணையத்தைத் தொடும் குறியீடு இருந்தால், மாறுவதற்கு முன்பே அதை வெளியே எடுத்துவிடுங்கள்.